பலாமரத்துக்கு இரண்டு கயிறு

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் ஊரில் எல்லோருக்கும் மழைக் கவலை. எனக்கு மட்டும் வயிற்றெரிச்சல். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடமாக இதுதான் கதை. டிவியில் வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று ஒரு வரி ஓடினால் போதும், என் மனைவி "மாமா வந்து பாத்துக்குவாரு" என்று சொல்லிவிட்டுத் தையல் மெஷினை மிதிக்கப் போய்விடுவாள். மாமா என்பது நான் இல்லை. நான் வெறும் "என்னாங்க".

மாமா அவளுடைய அத்தை மகன். எங்கள் பக்கத்து வீடு. கடலூர் துறைமுகத்தில் விசைப்படகு என்ஜின்களுக்கு மெக்கானிக். அவளைவிட எட்டு வயது மூத்தவர். கல்யாணம் செய்துகொள்ளாதவர். இந்தக் கடைசி விஷயத்தைப் பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் எத்தனையோ முறை எனக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஒருமுறைகூட அது நல்லபடியாக ஒலித்ததில்லை.

முறை என்று ஒன்று இருக்கிறதே, அது வேறு என்னைப் படுத்தியது. அவளுக்கு அண்ணன் தம்பி என்றால் எனக்கு மச்சான். மச்சான் என்று கூப்பிட முடிந்திருந்தால் எனக்கு ஒரு கவலையும் இல்லை, தோளில் கை போட்டுக்கொண்டு திரிந்திருப்பேன். ஆனால் அவளைக் கட்டிக்கொள்ளும் உரிமை உள்ளவர்கள் எல்லோரும் எனக்கு அண்ணன் தம்பி ஆகிவிடுகிறார்கள். அதனால் அவரை நான் "அண்ணே" என்றுதான் கூப்பிட வேண்டும். அவர் என்னைத் "தம்பி" என்பார். என் மகள் அவரைப் பெரியப்பா என்பாள். வாயைத் திறக்கும்போதெல்லாம் அந்த உரிமையை நானே ஞாபகப்படுத்திக்கொள்ள வேண்டியிருந்தது.

நான் பிறந்து வளர்ந்தது சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலை நகரில். அப்பாவுக்கு யுனிவர்சிட்டி ஹாஸ்டல் மெஸ்ஸில் வேலை, எங்களுக்குக் குவார்ட்டர்ஸ். கான்கிரீட் தளம், மூன்று பக்கமும் அதே மாதிரி வீடுகள். புயல் என்றால் எங்களுக்கு லீவு. ஜன்னலைச் சாத்திவிட்டுக் கேரம் ஆடுவோம். மறுநாள் காலையில் ரோட்டில் விழுந்து கிடக்கும் மரங்களை வேடிக்கை பார்க்கச் சைக்கிளில் கிளம்புவோம். காற்று என்பது வெளியே நடக்கிற ஒரு சத்தம், அவ்வளவுதான்.

பிறகு ஹாஸ்டல்கள் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடை போட்டேன். ஸ்பைரல் பைண்டிங், தீசிஸ் பைண்டிங். கல்யாணம் ஆனதும் அவள் அப்பா கட்டிய வீட்டுக்குக் குடிவந்தேன். அவள் ஒரே பெண், அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள், வீட்டைப் பூட்டிப் போட முடியாது என்றாள். வீட்டோடு மாப்பிள்ளை என்று சிதம்பரத்தில் என் சிநேகிதர்கள் கேலி செய்தார்கள். மாமனார் மாமியார் இல்லாத வீட்டில் என்ன வீட்டோடு மாப்பிள்ளை என்று நானும் திருப்பிக் கேட்டேன். பக்கத்து வீட்டைப் பற்றி அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது.

கடலூர் பழைய டவுன் என்கிற ஓ.டி.க்கும் குடிகாட்டுக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் ஊர். கிழக்கே நடந்தால் கடல். சவுக்குத் தோப்பை விட்டால் காற்றுக்குத் தடை என்று எதுவும் கிடையாது. வந்த முதல் வருடம் கார்த்திகையில் நான் பஸ் ஸ்டாப்பிலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் இரண்டு நாளில் இரண்டு குடைகளைப் பலி கொடுத்தேன். மூன்றாவது நாள் அவர் சைக்கிளை நிறுத்தி, "தம்பி, இங்க குடைலாம் வேலைக்கு ஆவாது. யூரியா சாக்க மடக்கி தலையில கவுத்துக்குங்க" என்றார். அப்படியே எல்லோரும் போய்க்கொண்டிருந்தார்கள். நான் சொட்டச் சொட்ட நனைந்துகொண்டே வந்தேன்.

அதற்குப் பிறகு நான் கற்றுக்கொண்டது எல்லாம் அவரிடமிருந்து வந்ததுதான்.  சிமெண்ட் ஷீட்டின் மேல் மணல் மூட்டையை நடுவில் வைக்கக்கூடாது, விளிம்பில் வைக்க வேண்டும். காற்று அடிக்கிற பக்கத்து ஜன்னலைச் சாத்திவிட்டு எதிர்ப் பக்கத்தில் ஒன்றைத் திறந்து வைக்க வேண்டும், இல்லையென்றால் உள்ளே புகுந்த காற்று கூரையைத் தூக்கும். முருங்கையைக் காற்றுக்கு முன்னாலேயே பாதிக்கு வெட்டிவிட வேண்டும். வாழை இலைகளைக் கழித்துவிட்டால் தண்டு நிற்கும். இதையெல்லாம் அவர் எனக்குப் பாடமாக நடத்தவில்லை. செய்துகொண்டே போவார், நான் பின்னால் நின்று பார்ப்பேன், என் மனைவி வாசலில் நின்று எங்கள் இருவரையும் பார்ப்பாள். அவள் யாரைப் பார்க்கிறாள் என்று நான் பார்ப்பேன்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பொறுக்காதது அந்தப் பலாமரம். எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் வேலியை ஒட்டி நிற்கிறது. மரம் எங்கள் மனையில் இருந்தாலும் பாதி நிழல் அவர் வீட்டின் மேல் விழும். வடக்கே எங்கள் வீடு, தெற்கே அவர் வீடு. வடக்கிலிருந்து காற்று அடித்தால் மரம் அவர் வீட்டின் மேல் சாயும். தெற்கிலிருந்து அடித்தால் எங்கள் வீட்டின் மேல், அதுவும் அவள் தையல் மெஷின் போட்டிருக்கும் ஷீட் அறையின் மேல்.

அதனால் ஒவ்வொரு வருடமும் காற்று நாளுக்கு முன்னால் மரத்துக்கு இரண்டு கயிறு கட்டுவார். இரண்டுமே கழித்துப்போட்ட படகுக் கயிறுகள். ஒன்று எங்கள் வீட்டில் இருக்கும். அதை மரத்திலிருந்து எங்கள் கிணற்றுக் கல்தூணுக்கு இழுத்துக் கட்டுவார். மற்றது அவர் வீட்டில் இருக்கும். அந்தப் பக்கம் கட்டுவதற்குக் கல்லும் இல்லை மரமும் இல்லை. அவர் வீட்டு நடைபாதையில் மார்பளவுக்குக் குழி வெட்டி, ஒரு பழைய ஆட்டுக்கல்லில் கயிற்றைச் சுற்றி உள்ளே இறக்கி, மண்ணைத் தள்ளி மிதித்துவிடுவார். பொங்கலுக்குப் பிறகு தோண்டி எடுப்பார். இல்லையென்றால் கயிறு குறுக்கே நிற்கும், பாதையில் வண்டி போகாது. எங்கள் பக்கத்துக் கயிறு அவர் வீட்டைக் காக்கும், அவர் பக்கத்துக் கயிறு எங்கள் வீட்டைக் காக்கும். இவ்வளவு எளிய கணக்கு அன்றைக்கு என் மண்டையில் ஏறவில்லை. அவர் அவளுடைய மரத்தில் ஏறுகிறார் என்பது மட்டும்தான் ஏறியது.

நான் சொல்லப்போகிற புயல் கார்த்திகை நடுவில் வந்தது. எங்கள் மாதா கோயிலில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலம் தொடங்கிவிட்டிருந்தது. பூசை முடிந்ததும் பங்குச் சாமியார், கூரை வீட்டில் இருப்பவர்கள் பள்ளிக்கூட ஹாலுக்கு வந்துவிடலாம் என்று அறிவித்தார். மறுநாள் நான் கடையில் ஒரு மாணவியின் தீசிஸுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தேன். என் மனைவி போன் செய்தாள்.

"நாளைக்கு காலையில கரைய கடக்குதாம். மாமாகிட்ட சொல்லிட்டேன். குழி வெட்ட ஆரம்பிச்சிட்டாரு. நீங்க மெதுவா வாங்க, ஒண்ணும் அவசரம் இல்ல."

அவசரம் இல்லையாம். என் வீடு, என் மனைவி, என் பிள்ளை, புயல். அவசரம் இல்லாத ஒரே ஆள் நான். அவருக்கு முதல் போன், எனக்கு இரண்டாவது. அட்டையை அப்படியே போட்டுவிட்டுக் கடையைச் சாத்தினேன். அந்த மாணவி கெஞ்சினாள். புயல் முடிஞ்சு வாம்மா என்றேன். பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன். அவ்வளவு கோபம்.

வீட்டுக்குப் போனபோது அவர் தொடையளவுக்குக் குழி வெட்டியிருந்தார். என் மகள் மேட்டில் உட்கார்ந்து அவருக்குத் தண்ணீர்ச் சொம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, இந்த வருஷம் விட்டுடுங்க. என் வூட்டு மரம். நானே பாத்துக்கறேன்" என்றேன்.

அவர் கடப்பாரையைச் சாய்த்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "சரி தம்பி. ரெண்டு பக்கமும் கட்டிடுங்க. தெக்கத்திக் காத்து வந்தா உங்க வூட்டு மேலதான் சாயும்."

"தெரியும்ணே."

எனக்குத் தெரியாது. அவர் வெட்டிய மண்ணைக் காலால் தள்ளிக் குழியை மூடினார். ஆட்டுக்கல்லை உருட்டிச் சுவரோரம் விட்டார். கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். அந்தக் கயிறு உள்ளே போவதைப் பார்த்த பிறகுதான், இரண்டாவது பக்கம் கட்ட என்னிடம் கயிறு இல்லை என்பது எனக்கு உறைத்தது. போய்க் கேட்டிருக்கலாம். நாலு எட்டு நடை. உயிரே போனாலும் கேட்க மாட்டேன் என்று நின்றேன்.

போனை எடுத்துப் பார்த்தேன். காற்று வரைபடத்தில் எங்கள் ஊர் மேல் இருந்த அம்புகள் எல்லாம் வடக்கிலிருந்து வந்தன. அப்புறம் என்ன, வடக்குக் காற்றுக்கு ஒரு கயிறு போதும். எங்கள் கயிற்றைக் கிணற்றுத் தூணுக்கு இழுத்துக் கட்டினேன். ஏணி எட்டிய மட்டும் கிளைகளைக் கழித்தேன். உச்சிக் கிளைகளை மேலே ஏறித்தான் கழிக்க வேண்டும். எனக்கு மரம் ஏறத் தெரியாது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாக, உச்சியில் இலை இருந்தால் மரத்துக்கு நல்லது என்று மகளிடம் விளக்கம் சொன்னேன்.

என் மனைவி வெளியே வந்து அண்ணாந்து பார்த்தாள். "மாமா கட்டலியா?"

"நான் கட்டியிருக்கேன்."

"ஒரு கயிறுதான் இருக்குது."

"காத்து வடக்கேருந்துதான் வரும். போன்ல போட்டிருக்கான்."

அவள் உள்ளே போய், மெஷினின் மேல் தார்ப்பாயை இரண்டாக மடித்துப் போர்த்தினாள். நான் அதைப் பார்க்காதது மாதிரி இருந்தேன்.

விடியும்போதே காற்று பிடித்துவிட்டது. ஷீட் கூரையின் கீழ் அந்தச் சத்தத்தைக் கேட்காதவர்களுக்கு அதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது, வாய் அசைவது மட்டும் தெரியும். அவள் மந்திரித்த மெழுகுதிரியை ஏற்றி வைத்து ஜெபமாலையைக் கையில் எடுத்தாள். மகள் அவள் மடியில் கிடந்தாள். நான் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தெற்கு ஜன்னல் வழியாக மரத்தைப் பார்த்தேன். மரம் அவர் வீட்டுப் பக்கம் சாயும், கயிறு விறைக்கும், மரம் நிமிரும். மறுபடி சாயும். கயிறு விடவில்லை.

அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. நான் கட்டிய கயிறு அவருடைய வீட்டைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்கு அதில் அவ்வளவு குஷி. இன்றைக்கு அவர் தலைக்கு மேல் கூரை இருக்கிறதென்றால் அது என் தயவு. புயல் விட்டதும் அதை எப்படிச் சாதாரணமாகச் சொல்வதுபோல் அவள் காதில் போடலாம் என்று வாக்கியம்கூடத் தயார் செய்தேன்.

நடுப்பகலுக்குக் கொஞ்சம் முன்னால் காற்று நின்றுவிட்டது. குறைந்து குறைந்து நிற்கவில்லை. யாரோ சுவிட்சை அணைத்ததுபோல் நின்றது. வானத்தில் வெளிச்சம்கூட வந்தது. ஆட்கள் வெளியே வந்தார்கள், ஒடிந்த கிளைகளைக் கால்களால் புரட்டினார்கள். என் மனைவி டீ போட்டாள். நான் டம்ளரோடு முற்றத்துக்கு வந்து பலாமரத்தின் கீழ் நின்றேன். அது நேராக நின்றிருந்தது.

"பாத்தியா? ஒத்தக் கயிறு" என்றேன் அவளிடம்.

அவள் பதில் சொல்வதற்குள் அவர் வீட்டு வாசலைப் பார்த்தேன். அவர் மரத்தைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. முகத்தைத் தெற்கே திருப்பி மூக்கை மேலே தூக்கி நின்றுகொண்டிருந்தார்.

எங்களுக்குத் தெற்கே குடிகாட்டுப் பக்கம் பெரிய தொழிற்பேட்டை. அங்கிருந்து வருகிற நாற்றத்தைக் கம்பெனி நாத்தம் என்போம். நெயில் பாலிஷையும் அழுகின முட்டைக்கோஸையும் சேர்த்ததுபோல் இருக்கும். தெற்குக் காற்று வீசினால்தான் அது எங்கள் ஊருக்கு வரும். இங்கே பிறந்தவர்களுக்கு அதுதான் காற்றுக் கணக்கு. துணி காயப் போடுகிறவர்கள்கூட மூக்கால் பார்த்துத்தான் கொடியை மாற்றுவார்கள். எனக்கு அது தினமும் பஸ்ஸில் ஜன்னலைச் சாத்த வைக்கிற ஒரு நாற்றம் மட்டுமே.

இப்போது அது மெல்ல வந்தது. அவளுக்கும் வந்திருக்க வேண்டும்.

"மாமா!" என்று கத்தினாள்.

நான் அவளுக்கு மூன்றடி தூரத்தில் நின்றிருந்தேன். அவள் கத்தியது அவரை.

அவர் அதற்குள் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்துகொண்டிருந்தார். "புயலோட கண்ணு தம்பி இது! ஒரு பக்கத்துக் காத்துதான் போயிருக்குது, இனிமேதான் தெக்கத்தி வரும்!" நேற்றைய குழியைக் குனிந்து பார்த்தார். உள்ளே தண்ணீர் நின்றது, மண் கூழாகியிருந்தது. அதைத் தோண்டிக் கல்லைப் புதைக்க ஒரு மணி நேரம் வேண்டும். இருந்தது பத்து நிமிடமோ என்னவோ. அவர் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. கயிற்றின் ஒரு முனையைத் தன் வீட்டு முன்வாசல் பனந்தூணில் கட்டினார். அவர் வீட்டு முன்பக்கக் கூரை முழுவதும் அந்தத் தூணின் மேல்தான் நின்றது.

மற்ற முனையோடு மரத்தில் ஏறினார். மேலே கவட்டையில் சுற்றி முனையைக் கீழே போட்டார். என் மனைவி அதைப் பிடித்து இழுத்தாள். அவர் இறங்கி வந்து அவளுக்கு முன்னால் பிடித்தார். நாலு கையும் ஒரே கயிற்றில். ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்ளாமல் அவர் விடும்போது அவள் பிடித்தாள், அவள் விடும்போது அவர் பிடித்தார். சின்ன வயதிலிருந்து செய்து பழகிய வேலை. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். என் கையில் இன்னும் அந்த டீ டம்ளர் இருந்தது.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். "நீங்க உள்ள போங்க. புள்ள தனியா இருக்குது."

எனக்கு இந்த ஜென்மத்தில் மறக்காத வார்த்தை அதுதான். டம்ளரைக் கீழே போட்டுவிட்டுப் போய் அவள் கையிலிருந்து கயிற்றைப் பிடுங்கினேன். "நீ போ" என்றேன். அவள் போனாள். நான் இழுத்தேன், அவர் முடிச்சுப் போட்டார். கயிறு என் உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு போனது. வலியைவிடப் பொறாமைதான் அந்த நேரத்திலும் தூக்கலாக இருந்தது என்றால் நம்புவீர்களோ என்னவோ.

"உள்ள போங்க தம்பி" என்று என்னைத் தள்ளிவிட்டு அவர் தன் வீட்டுக்கு ஓடினார். நான் கதவைத் தாழிடும்போது தெற்குக் காற்று வந்துவிட்டது.

இந்த முறை மரம் எங்களைப் பார்த்துச் சாய்ந்தது. ஷீட்டின் மேல் கிளைகள் உரசின. கயிறு விறைத்து மரத்தைப் பிடித்தது. நான் மரத்தைப் பார்க்கவில்லை, அந்தப் பனந்தூணையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு இழுப்புக்கும் தூணின் தலை எங்கள் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தது. அடி மட்டும் ஆழத்தில் ஊன்றியிருந்ததால் அசையவில்லை. பிறகு தூண் விட்டத்தை விட்டு விலகியது. முன்பக்கக் கூரை தொங்கியது, காற்று அதற்குள் நுழைந்தது. ஒரு ஷீட் எழும்பிப் போனது. அடுத்தது. அடுத்தது. எங்கள் மரம் நின்றது. எங்கள் கூரை நின்றது. அவர் வீடு எங்கள் கண்ணெதிரே திறந்துகொண்டது.

நான்தான் கதவைத் திறந்தேன். கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் வேலியைப் பிடித்துக்கொண்டு குனிந்தபடியே வந்தார், வயிற்றோடு அணைத்த டூல்ஸ் பெட்டி ஒன்றைத் தவிர வேறெதுவும் எடுத்துவரவில்லை. உள்ளே வந்து ஈரத்தோடு சுவரோரம் குந்தினார். என் மகள் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். என் மனைவி துண்டு கொடுத்தாள். மாலைவரைக்கும் நாலு பேரும் அந்த ஒரு அறையில் கிடந்தோம்.

கடவுள் என்மேல் வைத்திருந்த கணக்கு அதோடு முடியவில்லை. ஊரில் பாதிக் கூரைகள் போயிருந்ததால் கடலூர் முழுவதும் ஷீட்டுக்குத் தட்டுப்பாடு. அவர் எங்கே தங்குவார்? எங்கள் வீட்டில்தான். எந்த ஆளை என் வீட்டுக் காரியத்தில் கை வைக்க விடக்கூடாது என்று நினைத்தேனோ, அந்த ஆள் என் வீட்டில் மூன்று வாரம் சாப்பிட்டுத் தூங்கினார். நான் குழியை மூடச் சொன்னதன் பலன்.

அவருக்குக் குழம்பில் எவ்வளவு உப்பு வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. எனக்கு வைக்கும் குழம்பில் பத்து வருடமாக உப்பு கூடும் குறையும். மகள் அவரோடு உட்கார்ந்து கிறிஸ்துமஸ் ஸ்டாருக்கு மூங்கில் சீவினாள். கரண்ட் இல்லாத நாட்களில் அவர் ஒரு பழைய பேட்டரியில் எல்லோர் போனுக்கும் சார்ஜ் ஏற்றிக் கொடுத்தார், என்னுடையதற்கும் சேர்த்து. விடியற்காலையில் துறைமுகத்துக்குப் போவார், இருட்டியபின் வருவார், தன் தட்டைத் தானே கழுவி வைப்பார். அந்தக் குழியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஒருமுறை திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அந்த நிம்மதியை எனக்குக் கொடுக்கக்கூடாது என்று கங்கணம் கட்டியிருப்பதாகக்கூட நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் இல்லாதபோது அவளிடம் கேட்டே விட்டேன். "அவரு ஏன் கல்யாணம் பண்ணிக்கல?"

மெஷினை மிதித்துக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். "இத கேக்க உங்களுக்கு பத்து வருஷம் ஆச்சா?"

"சொல்லு."

"அவரு ஏன் பண்ணிக்கலன்னு எனக்கு தெரியாது. அவர கட்டிக்கணும்னு ஆசப்பட்டது நானு. சொந்தத்துல கட்றதுக்கு பிஷப்புகிட்ட அனுமதி வாங்கணும்னு அப்பா எழுதிக்கூட வெச்சிட்டாரு. மாமாதான் வேணாம்னுட்டாரு. தூக்கி வளத்த புள்ள, எனக்கு அந்த நெனப்பே வர்லன்னாரு. மூணு நாளு அழுதேன். ரெண்டு வருஷம் கழிச்சி நீங்க பொண்ணு பாக்க வந்தீங்க. கோயில்ல நம்ம கல்யாண ஓலைய, யாருக்காவது ஆட்சேபண உண்டான்னு, மூணு வாரம் வாசிச்சாங்க. மூணு வாரமும் நான் முன்வரிசையிலதான் குந்தியிருந்தேன்."

"அழுதியா?"

"அழுவாம? நெஜத்த கேட்டுட்டு மூஞ்சிய தூக்கி வெச்சிக்காதீங்க."

நான் முகத்தைத் தூக்கித்தான் வைத்துக்கொண்டேன். பத்து வருடமாக அவர் மனதில் ஏதோ இருக்கிறது என்று வேவு பார்த்தேன். அங்கே ஒன்றும் இல்லை. இருந்ததெல்லாம் என் பக்கத்தில் படுத்திருந்த மனதில். அதுவும் எப்போதோ இருந்து, அழுது, முடிந்துபோன ஒன்று. முடிந்துபோனதன் மேலும் எனக்குப் பொறாமை வந்தது. எனக்காக அவள் ஒருநாளும் மூன்று நாள் அழுததில்லையே.

"அப்புறம் ஏன் ஒவ்வொரு தடவையும் அவருக்குத்தான் மொதல்ல போன் பண்ற?"

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "வூடு பறக்குதுன்னா பக்கத்துல இருக்கறவர கூப்புடுவனா, செதம்பரத்துல இருக்கறவர கூப்புடுவனா? பத்து ஜாக்கெட் கெடக்குது, கிறிஸ்மஸுக்குள்ள தரணும். தள்ளுங்க, வெளிச்சத்த மறைக்கறீங்க."

கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் இருக்கும்போது ஷீட் கிடைத்தது. நான் கடைக்குப் போகவில்லை. நானும் அவரும் மேலே ஏறினோம். அவர் துளை போடுவார், நான் கொக்கி போல்ட்டை மாட்டிப் பிடிப்பேன். உள்ளங்கைக் காயம் இன்னும் ஆறியிருக்கவில்லை. கீழே தெரிந்த அந்தக் குழியையே பார்த்துக்கொண்டிருந்தவன், கடைசியில் வாயைத் திறந்தேன்.

"அண்ணே, குழிய மூடச் சொன்னது நான்தான்."

"ஆமா" என்றார்.

"தூண்ல கட்டுனா உங்க கூரை போயிடும்னு உங்களுக்கு தெரியும்."

"தெரியும்."

"அப்புறம் ஏண்ணே?"

அவர் போல்ட்டை முறுக்கிக்கொண்டே சொன்னார். "உங்க கயிறு காலையிலேருந்து என் வூட்ட புடிச்சிக்கிட்டு நின்னுச்சில்ல. நான் வேற எதுல கட்டுவேன்? அந்த ஸ்பேனர இப்டி குடுங்க."

கொடுத்தேன். அவள் காதில் போடலாம் என்று நான் தயார் செய்து வைத்திருந்த வாக்கியம் அதுதான். அதை அவர் எந்த மிதப்பும் இல்லாமல் சொல்லிவிட்டார். அடுத்த போல்ட்டை எடுத்து மாட்டினேன். அன்றைக்குக் கூரை வேலை முடிந்தது. அவர் சட்டை இரண்டையும் டூல்ஸ் பெட்டியையும் எடுத்துக்கொண்டு தன் வீட்டுக்குப் போனார். மறுநாள் காலைப் பலகாரத்துக்கு அவர் இல்லாததை மகள்தான் முதலில் சொன்னாள். எனக்கு முன்னாடியே தெரிந்திருந்தது, சொல்லவில்லை.

போன வருடம் மறுபடி ஒரு புயல் கிளம்பியது. நான் கடையில் இருந்தேன். போன் வந்தது.

"மாமாகிட்ட சொல்லிட்டேன்" என்றாள்.

முதல் போன் இன்னும் அவருக்குத்தான். எனக்கு இரண்டாவதுதான். வயிற்றில் அதே எரிச்சல், ஒரு கடுகளவும் குறையவில்லை. "குழி வெட்ட ஆரம்பிச்சிட்டாரா?" என்று கேட்டேன்.

"எங்க? கடப்பாரைய எடுத்து வெச்சிக்கிட்டு வாசல்ல குந்தியிருக்காரு. கேட்டா, தம்பி வந்துதான் வெட்டணும்ன்றாரு. சீக்கிரம் வாங்க, அவசரம்."

கடையைச் சாத்தினேன். பஸ்ஸில் இடம் கிடைத்தது, உட்கார்ந்தேன். குடிகாடு வரும்போது எல்லோரும் ஜன்னலைச் சாத்தினார்கள். நான் மட்டும் என் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, நாற்றம் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துக்கொண்டே வந்தேன்.